பல் அடைப்பில் ஒட்டுப்பசை: தீவு வாழ் தமிழர் அறிய வேண்டியவை

சொத்தைப் பல்லை அடைத்துக்கொள்ள வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். "சில்வர்ல அடைப்பீங்களா, பல் கலர்லயா?" என்பது ஒன்று. "எத்தனை வருஷம் தாங்கும்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவது கேள்விக்கான விடை, வெள்ளை அடைப்பைப் பொறுத்தவரை, அடைக்கும் பொருளை விட அதற்கும் பல்லுக்கும் நடுவே ஒரு தலைமுடியின் தடிமன் கூட இல்லாமல் பூசப்படும் ஒட்டுப்பசையில்தான் இருக்கிறது. பல் மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக 'பாண்ட்' என்பார்கள். நோயாளியின் கண்ணுக்கு அது தெரியாது. பில்லிலும் அதன் பெயர் வராது. ஆனால் அடைப்பு விழுவதும், அடைப்புக்கு அடியில் மறுபடி சொத்தை பிடித்து வேர் சிகிச்சை வரை போவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சில்வர் அடைப்புக்கு இந்தக் கவலை கிடையாது. பாதரசமும் வெள்ளி, தகரம், செம்புத் தூளும் கலந்த அந்தக் கலவை பல்லோடு ஒட்டுவதில்லை. பல்லில் உட்புறம் அகன்ற பள்ளம் வெட்டி, அதற்குள் திணித்து, கழன்று வராமல் பூட்டிவிடுவார்கள். கொஞ்சம் எச்சில் பட்டாலும் பெரிதாகக் கெடாது. நம் தீவுகளில் முந்தைய தலைமுறையினர் வாயில் 30 வருடச் சில்வர் அடைப்பு இன்னும் உட்கார்ந்திருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை 2018-இல் இந்தியா உறுதிசெய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, சில்வர் அடைப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. இனி வெள்ளை அடைப்பின் காலம். அது ஈரத்தைத் தாங்காத பொருள். நாம் வாழ்வதோ ஈரத்தில்.

டாலிகஞ்ச் வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போர்ட் பிளேயரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது) ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். பீரோவில் வைத்த தோல் செருப்பு பூசணம் பிடிக்கிற ஊர். டாலிகஞ்சில் 1983 முதல் இயங்கிவரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம், மழையும் சேறும் பரப்பும் எலிக்காய்ச்சலை ஆராய்ந்து பெயர் பெற்றது என்பதும் இதே ஈரத்தின் கதைதான். அந்த ஈரம் பல் நாற்காலி வரைக்கும் வருகிறது.

பசை பல்லில் எப்படி ஒட்டுகிறது? 1955-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மைக்கேல் புவோனகோர் என்ற பல் மருத்துவர், 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 30 விநாடி தடவிக் கழுவினால் அதன் மேல் அக்ரிலிக் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார். உலோகத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பாஸ்பாரிக் அமிலத்தால் மேற்பரப்பைத் தயார்செய்யும் தொழிற்சாலை வழக்கமே அவருக்கு இந்த யோசனையைத் தந்தது. கப்பல் பழுதுபார்க்கும் வேலை தெரிந்தவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்கும். பசை அவற்றுள் இறங்கி உறைந்து ஆணி போல் நிற்கும். 1962-இல் ரஃபேல் போவன் கண்டுபிடித்த பிசின்தான் இன்றைய கம்போசிட் அடைப்புக்கு அடிப்படை.

எனாமல் வரை பிரச்சினை இல்லை. எடையில் அது சுமார் 96 விழுக்காடு தாது; உலர்த்தினால் உலரும். அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் அப்படியல்ல. அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தண்ணீர்; ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம் நுண்குழாய்கள், அவற்றில் திரவம் கசிந்துகொண்டே இருக்கும். அமிலம் தாதுவைக் கரைத்ததும் மிச்சமிருப்பது கொலாஜன் நார்வலை. இதைக் காற்றடித்து அதிகம் உலர்த்தினால், நனைந்த தலைமுடி காய்ந்து ஒட்டிக்கொள்வது போல வலை படுத்துவிடும். பசை உள்ளே புகாது. ஈரம் அதிகமாக விட்டாலோ பசை தண்ணீரோடு கலந்து பலமிழக்கும். 1982-இல் ஜப்பானியரான நகபயாஷி, பசையும் கொலாஜனும் பின்னிப்பிணைந்த கலப்பு அடுக்கை விவரித்த பிறகுதான் டென்டினில் ஒட்டுவது எப்படி என்பது தெளிவாயிற்று.

கடையில் கிடைக்கும் பசைகள் நூற்றுக்கு மேல் இருந்தாலும் வகை இரண்டுதான். ஒன்று, அமிலம் தடவிக் கழுவிவிட்டுப் பூசுவது. மற்றது, பசையிலேயே மிதமான அமிலம் இருப்பது, கழுவ வேண்டாம். இரண்டாம் வகையில் சிறந்தவற்றில் எம்.டி.பி. என்ற மூலக்கூறு இருக்கும். ஜப்பானின் குராரே நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. பல்லில் உள்ள கால்சியத்தோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும். 2010-களில் வந்த 'யுனிவர்சல்' பசைகளை இரண்டு விதமாகவும் பயன்படுத்தலாம்.

எது நல்லது என்பதற்கு ஒரு நல்ல சோதனைக்களம், ஈறோரத்தில் தேய்ந்த பள்ளம். முரட்டுத்தனமாகப் பிரஷ் போடுகிறவர்களுக்கும், பாக்கு மென்று பல் தேய்ந்தவர்களுக்கும் இந்தப் பள்ளம் பழக்கமானது. அங்கே பூட்டிக்கொள்ள இடமில்லை. பசை ஒட்டினால்தான் அடைப்பு நிற்கும். பெல்ஜியத்தின் லுவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் நடந்த இத்தகைய மருத்துவச் சோதனைகளைத் திரட்டி 2014-இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு எத்தனை அடைப்பு தவறுகிறது என்று பார்த்தால், கிளாஸ் அயனோமரில் சுமார் 2 விழுக்காடு; இரண்டு படிகளில் பூசும் மிதமான சுயஅமிலப் பசையில் 2.5, அமிலம், பிரைமர், பசை என மூன்று படிகளாகப் பூசும் பழைய முறையில் சுமார் 3. வேலையைச் சுருக்க ஒரே பாட்டிலில் அடக்கிய முறைகளில் சில 5-க்கு மேல். ஆக, படியைக் குறைத்தால் நேரம் மிச்சம், ஆயுள் குறைவு.

என் கருத்தில் நம் ஊர் ஈரத்துக்கு ஏற்றது எம்.டி.பி. உள்ள, இரண்டு படிச் சுயஅமிலப் பசைதான். எனாமல் விளிம்பில் மட்டும் பாஸ்பாரிக் அமிலத்தை 15 முதல் 30 விநாடி தனியாகத் தடவிக் கழுவிவிட்டு இதைப் பூச வேண்டும். டென்டினை 'எவ்வளவு உலர்த்துவது' என்ற கண்மதிப்பு வித்தை இதில் குறைவு. அசிட்டோன் கலந்த பசைகளை நான் இங்கே சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு சொட்டு கிண்ணத்தில் விழுந்து அரை நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் அசிட்டோன் பறந்துவிடும்; மூடியைச் சரியாகத் திருகாத பாட்டில் பாதியிலேயே கெட்டியாகிவிடும்.

ஆனாலும் பாட்டிலை விட அறைதான் முக்கியம். திறந்த வாய்க்குள் மூச்சின் ஈரம் நிறைந்திருக்கும். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டினால் பல் வாயிலிருந்து பிரிந்து அறைக் காற்றில் நிற்கும். 1864-இல் நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் தொடங்கிவைத்த எளிய உபாயம் இது. சென்னையில் குளிரூட்டிய அறையில் இது போதும். இங்கேயோ ஜன்னல் திறந்த அறையின் காற்றே ஈரமானது. ரப்பர் டேம் எச்சிலைத் தடுக்கும், அறையின் ஈரத்தைத் தடுக்காது. ஆகவே அடைக்கும் நேரத்தில் ஏ.சி. ஓடுவது ஆடம்பரம் அல்ல, சிகிச்சையின் பகுதி.

கம்ப்ரசர் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஈரக் காற்றை அழுத்தும்போது அதன் டாங்கியில் தண்ணீர் தேங்கும். தினமும் திறந்து வடிக்காவிட்டால், பல்லை 'உலர்த்த' அடிக்கும் காற்றிலேயே நீர்த்திவலையும் எண்ணெய்ப் பசையும் வரும். வாய்க் கண்ணாடியில் ஒரு தரம் ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். மங்கினால் அந்தக் காற்று பல்லுக்கு உதவாது. அதுபோல, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல அதன் வாயிலும் ஈரம் படியும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்துத் திறக்க வேண்டும். பெரும்பாலான பசைகளை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் வருகிற சரக்குக்கு அந்த வரி யாருக்கு ஞாபகம் இருக்கும்? விமானத்தில் வரவழைப்பதும், காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குவதும் மருத்துவரின் பொறுப்பு. ஆனால் "டாக்டர், ரப்பர் மாட்டி அடைப்பீங்களா?" என்று நோயாளி கேட்பதில் தப்பே இல்லை.

நோயாளியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பல் வலித்ததும் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். வலி அடங்குவதும் உண்மை. ஆனால் தைலத்தில் உள்ள யூஜெனால், நீல விளக்கில் பசை உறைவதைத் தடுக்கும் குணமுடையது. பள்ளத்தில் அது ஊறியிருந்தால், குறிப்பாகச் சுயஅமிலப் பசையின் பிடிப்பு குறையும். "நேத்து ராத்திரி கிராம்பு எண்ணெய் வச்சேன்" என்று சொல்லிவிட்டால் மருத்துவர் நன்றாகச் சுத்தம்செய்தோ, தற்காலிகமாக வேறு மருந்து வைத்துச் சில நாள் கழித்தோ அடைப்பார். பல்லை வெளுக்கச் செய்துகொண்டவர்களும் ஒன்றிரண்டு வாரம் பொறுத்தே வெள்ளை அடைப்புக்கு வர வேண்டும். அந்த மருந்தின் மிச்ச ஆக்சிஜனும் பசையை உறையவிடாது.

எந்தப் பசையும் சரிவராத வாய்களும் உண்டு. நாக்கை ஒரு நிமிடம் அடக்க முடியாத குழந்தை, ஈறுக்குக் கீழே வேரில் சொத்தை வந்த பாட்டி, ரப்பர் டேம் மாட்டவே முடியாத கடைவாய்ப் பல் இவையெல்லாம் அந்த வகை. அங்கே வெள்ளை அடைப்புக்குப் பிடிவாதம் பிடிக்காமல் கிளாஸ் அயனோமர் வைப்பதே நல்லது. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கிய இந்தச் சிமென்ட், தனிப் பசை இல்லாமல் தானே பல்லோடு பிணையும், சிறிதளவு ஈரத்தைப் பொறுக்கும், ஃபுளோரைடையும் கசியவிடும். கம்போசிட் அளவுக்குப் பளபளப்போ, கடிக்கும் இடத்தில் உறுதியோ இராது. வைத்தவுடன் மேலே வார்னிஷ் அல்லது வாஸ்லின் பூசுவார்கள், முதல் நாளில் ஈரம் ஏறாமலும் வறளாமலும் இருக்க. ஒரு மணி நேரம் கழித்து மிருதுவாக ஏதாவது சாப்பிடலாம்; அந்தப் பக்கம் முறுக்கு கடிப்பதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.