படகு இன்ஜினுக்கு லாரி ஃபில்டர் சரிப்படுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விசைப்படகுகளைப் பழுது பார்க்கும் நேரமும் இதுதான். அப்போது ஏர் ஃபில்டரையும் பாருங்க.

லாரி ஃபில்டர் ரோட்டுத் தூசிக்கானது. கடலில் தூசி குறைவு. உப்பு ஈரமும் இன்ஜின் அறையின் ஆயில் ஆவியும்தான் தொல்லை. காகித ஃபில்டர் நனைந்தால் அடைச்சுக்கும். 6 லிட்டர் டீசல் இன்ஜின் 1,800 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 5,000 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். அது கிடைக்கலைன்னா கரும்புகை வரும், இழுவை குறையும், டீசல் கூடுதலா போகும்.

அதனால் கழுவி மாட்டும் ஃபோம் அல்லது பருத்தி ஃபில்டரே மேல். இன்ஜினுக்குத் தேவையான காற்றளவுக்குக் குறைந்ததை, மலிவு என்பதற்காக வாங்காதீங்க. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் சரியில்லை. தேயும் பெல்ட்டின் ரப்பர் தூள் உள்ளே போகும். கழுவினால் நன்றாகக் காயவிடுங்க. ஆயில் தடவும் வகைன்னா லேசா போதும். சொட்டினால் அதையும் இன்ஜின் இழுத்துக்கும்.