தார்ப் பாலையின் தாவரங்கள் – 7: இலை மறைக்கும், பூ சொல்லும்

ஈரம் மிகுந்த நிலங்களில் ஒரு செடியைக் கண்டவுடன் அதன் இலையைப் பார்த்துப் பெயர் சொல்வது எளிது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மேர், பிகானேர் மாவட்டங்களில் விரிந்துகிடக்கும் தார்ப் பாலையிலோ அந்தப் பழக்கம் ஆளைத் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும். ஜெய்சல்மேரை ஒட்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதற்குமான சராசரி மழை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஒரு தாவரம் பெருமளவு நீரை இழப்பது இலைகளின் நுண்துளைகள் வழியாகத்தான் என்பதால், பாலைச் செடிகள் இலையைச் சுருக்கியும், மயிரால் போர்த்தியும், மெழுகு பூசியும், சில வேளைகளில் அறவே உதிர்த்துவிட்டும் வாழ்கின்றன. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்கள் ஒரே நெருக்கடிக்கு உட்பட்டு ஒரே தோற்றத்தை அடைவதைக் குவி பரிணாமம் என்பர். அது வலுவாகச் செயல்பட்டிருக்கும் நிலத்தில் உறவைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் பூவும் காயுமே.

இதற்கு மூன்று புதர்களைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. கேர், கீம்ப், போக் என்று அப்பகுதி மக்கள் அழைக்கும் இம்மூன்றும் ஆண்டின் பெரும்பகுதி இலையின்றி, மெல்லிய குச்சிகளின் குவியலாக நிற்பவை. இலை செய்ய வேண்டிய உணவு தயாரிப்பை இவற்றில் பச்சைத் தண்டே செய்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவர் மூன்றையும் ஒரே இனம் என்று எண்ணினால் அதில் வியப்பில்லை. அருகில் சென்று குச்சியைக் கையில் எடுத்தால்தான் வேறுபாடு தொடங்குகிறது. கேர்ச் செடியில் ஒவ்வொரு கணுவிலும், அதாவது இலை தோன்றும் முடிச்சிலும், ஒரு சோடி சிறு முட்கள் இருக்கும். கீம்ப்பில் முள் இல்லை. போக்கின் தண்டு மூட்டு மூட்டாக அமைந்து, மூட்டுகளைச் சுற்றி மெல்லிய சவ்வுறை ஒன்று காணப்படும். அந்த உறை சுக்கான்கீரையின் குடும்பத்துக்கே உரிய அடையாளம்.

பூக்கும் காலத்தில் ஐயம் முற்றிலும் நீங்கிவிடுகிறது. கேரின் பூ செங்கல் நிறம் கொண்டது. அதன் நடுவிலிருந்து நீண்ட மகரந்தத்தாள்கள் பல வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அவற்றோடு ஒரு தனிக் காம்பின் நுனியில் சூலகம் உயர்த்திப் பிடிக்கப்பட்டிருக்கும். பின்னாளில் காயாகும் உறுப்பாகிய சூலகத்தைப் பூவுக்கு வெளியே தூக்கி நிறுத்தும் இந்தக் காம்பைச் சூலகக் காம்பு என்பர். தமிழகத்து வேலிகளில் படரும் ஆதொண்டையின் பூவை உற்றுப் பார்த்தவர்கள் இதே அமைப்பை அங்கும் கண்டிருப்பார்கள், ஏனெனில் இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கீம்ப்பின் பூவோ மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், ஐந்து மடல்களோடு, கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. அதன் காய் மெலிந்து நீண்டு கூர்ந்து, முற்றியபின் வெடித்துப் பட்டுப் போன்ற மயிர்க்கற்றை சூடிய விதைகளைக் காற்றில் விடுவதால், அது எருக்கின் உறவு என்பது தெளிவாகிறது. போக்கின் சிறு பூக்கள் விரைவில் உதிர்ந்துவிட, உடல் முழுவதும் மென்கம்பி மயிர் முளைத்த கொட்டைகள் கிளைதோறும் தொங்கும். அத்தகைய காயை அப்பகுதியின் வேறு எந்தப் புதரிலும் காண இயலாது.

இந்த அறிவு நூல்களுக்குள் அடங்கிக் கிடப்பதன்று. கேரின் பச்சைக் காய்களை உப்புநீரில் ஊறவைத்துக் கசப்பு நீக்கி ஊறுகாயிடுவதும், போக்கின் மொட்டுகளைத் தயிரோடு சேர்த்து உண்பதும், கீம்ப்பின் இளங்காயைக் கறியாக்குவதும் பாலை வீடுகளின் அன்றாடம். பஞ்சக் காலங்களில் குடும்பங்களைக் காத்தவையும் இவையே. ஆடு மேய்க்கும் சிறுவர் ஒரு குச்சியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் பெயர், தாவரவியலாரின் முடிவோடு பெரும்பாலும் ஒத்துப்போவது மதிப்புக்குரிய செய்தி.

பூ மட்டும் போதாத இடமும் உண்டு. அது தமிழகத்துக்கும் நேரடியாகப் பொருந்தும். ராஜஸ்தானின் மாநில மரமாகிய கேஜ்ரி, தமிழர் வன்னி என்றழைக்கும் மரமேயாகும். திருவான்மியூரிலும் விருத்தாசலத்திலும் தல மரமாக நிற்பது இதுவே. 1730ஆம் ஆண்டு ஜோத்பூரை அடுத்த கேஜட்லியில் இம்மரங்களை வெட்டவிடாமல் தடுத்து பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் உயிர்துறந்தனர் என்பது வரலாறு. இதன் அயலுறவாகிய சீமைக்கருவேலம், 1877இல் கடப்பைப் பகுதிக்கு விதையாகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் பாலையிலும் திட்டமிட்டுப் பரப்பப்பட்டு, இன்று இரு நிலங்களையும் ஆக்கிரமித்திருக்கிறது. இரண்டின் பூங்கதிர்களும் வெளிர்மஞ்சள் நிறத்தவை. இரண்டின் இலைகளும் ஒரு காம்பிலிருந்து கிளைத்து, கிளைகளில் சிற்றிலைகள் வரிசையாக அமையும் இரட்டைச் சிறகுக் கூட்டிலைகள். இவ்விரண்டையும் பிரித்தறிய முள்ளைப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலத்தின் நீண்ட ஊசிமுட்கள் கணுவில், இலையடியில், பெரும்பாலும் சோடியாக எழும். வன்னியின் குட்டையான முட்கள் ரோஜாச் செடியில் உள்ளதுபோல அடி அகன்று, இரு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். காயும் துணைசெய்கிறது: வன்னியின் காய் மெலிந்து ஏறத்தாழ உருளையாகத் தொங்க, சீமைக்கருவேலத்தின் காய் தட்டையாக, தடித்த விளிம்போடு, முற்றும்போது மஞ்சளாக மாறும். வன்னிக் கிளைகளில் சில வேளை காணப்படும் உருண்டையான கட்டிகளைக் காய் என்று கொள்வது பெரும் பிழை. அவை சிறு பூச்சிகளும் சிலந்திப்பேன்களும் தாக்குவதால் மரம் உண்டாக்கும் புடைப்புகளேயாகும். நீண்டகாலம் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இவ்விரு மரங்களையும் 2022இல் வகைப்பாட்டியலார் இரு வேறு பேரினங்களாகப் பிரித்தது, மேய்ப்பர்கள் முன்பே அறிந்திருந்த வேறுபாட்டுக்கு ஏற்பு அளித்ததைப் போன்றது. வன்னியின் தழையைக் கால்நடைகள் விரும்பித் தின்னும், சீமைக்கருவேலத்தின் தழையை அவை தீண்டுவதில்லை.

இலைக்கு இங்கே மதிப்பே இல்லை என்று கொள்ளலாகாது. சங்கப் பாடல்களின் பாலைத் திணையில் இடம்பெறும் உகாய் மரத்தின் இலை அகன்று சதைப்பற்றோடு இருக்க, அதன் நெருங்கிய உறவான இனிப்பு ஜாலின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். கனி பழுத்தபின் முன்னது செந்நிறமும் பின்னது மஞ்சள் நிறமும் கொள்ளும். பாலையின் குற்றிலந்தையை அடையாளம் காண இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், அதன் அடிப்பக்கம் அடர்ந்த வெண்மயிரால் மூடப்பட்டிருக்கும்.

மழைக்குப்பின் மணலில் படரும் கொடிகளில்தான் மிகுந்த கவனம் தேவைப்படுகிறது. தும்பா என அங்கே வழங்கும் பேய்க்குமட்டியும், உண்ணத்தக்க மதீராவாகிய காட்டுத் தர்ப்பூசணியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை; இரண்டின் இலைகளும் ஆழமாகப் பிளவுபட்டவை, இரண்டின் பூக்களும் மஞ்சள். பேய்க்குமட்டி ஆண்டுக்கணக்கில் உயிர்த்திருக்கும் வேரிலிருந்து மீண்டும் மீண்டும் துளிர்ப்பது; அதன் காய் 5 முதல் 10 சென்டிமீட்டர் விட்டத்தோடு நின்றுவிடும். மதீரா ஒரே பருவத்தில் முடியும் கொடி, காயும் பெரியது. பேய்க்குமட்டியின் சதை கொடிய கசப்பும் கடும் பேதியை உண்டாக்கும் நச்சுத்தன்மையும் உடையது என்பதால், கடித்துப் பார்த்துத் தெளிவது என்ற எண்ணமே கூடாது.

ஜோத்பூரில் பணியாற்றிய எம். எம். பண்டாரி 1978இல் வெளியிட்ட இந்தியப் பாலையின் தாவர நூல் இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது. அத்தகைய நூல்களைப் பயன்படுத்துவோர் கையில் பூவோ காயோ இல்லாத வெறுங்குச்சி இருந்தால், பக்கங்களைப் புரட்டுவதால் பயன் விளைவதில்லை. கேர் பூக்கும் மார்ச் மாதத்தில் ஒருமுறையும், மழைக்கொடிகள் காய்க்கும் செப்டம்பரில் ஒருமுறையும் அதே இடத்துக்குச் சென்றாக வேண்டும். உலர்த்தித் தாளில் ஒட்டியபின் பூவின் நிறமும், ஒடித்தவுடன் பால் வடிந்ததா என்ற செய்தியும் மறைந்துபோகும் என்பதால், அவற்றைச் செடியின் அருகிலேயே குறித்துக்கொள்வது இன்றியமையாதது. எருக்கில் இதழ் விரிந்து மடிந்திருந்ததா, நிமிர்ந்து நுனியில் ஊதா தீட்டியிருந்ததா என்ற ஒரு வரிக் குறிப்பே, தமிழகத்தில் மிகுந்த இனத்தையும் பாலையில் மிகுந்த இனத்தையும் பிரித்துக் காட்டிவிடும்.

(முதல் மழைக்குப்பின் சில வாரங்களே வாழும் செடிகள் அடுத்த இதழில்)