கலர் வந்தது... கூடவே டெல்லியும் வந்தது! டி.வி.யைப் புரட்டிப் போட்ட 1982

பருத்திப்பட்டு:

வீட்டுக்கு வீடு டி.வி., அது போதாதென்று கையில் உள்ள போனிலும் டி.வி. என்று ஆகிவிட்ட காலம் இது. ஆவடி - பூந்தமல்லி சாலையில் உள்ள பருத்திப்பட்டும் இதற்கு விலக்கல்ல.

ஆனால் 1982-ம் வருஷம்? தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிய சங்கதி!

அந்த ஒரே வருஷத்தில்தான் டெலிவிஷனில் அடுத்தடுத்து திருப்பங்கள். விண்ணில் துணைக்கோள், பெட்டியில் கலர், நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சி, ஆசிய விளையாட்டு. கூடவே ஒரு கேள்வியும் பிறந்தது. ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறோமே, அது யாருடைய பாஷையில்?

மாடியில் ஒருவர், வாசலில் ஒருவர்

சென்னையில் டெலிவிஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ந் தேதி. ஏழு வருஷமாக கறுப்பு வெள்ளைதான். ஒரே நிலையம். சாயங்காலம் தொடங்கி ராத்திரியோடு முடிந்துவிடும்.

டயனோரா, சாலிடேர் என்று சென்னைக் கம்பெனிகளின் பெட்டிகளே அப்போது பிரபலம். பெட்டி வாங்கினால் மட்டும் போதாது. வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். 1985-ல்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஒளிபரப்புக் கோபுரம் சென்னை நகருக்குள் இருந்ததால், ஆவடிப் பக்கத்து மொட்டை மாடிகளில் ஆண்டெனா எல்லாம் கிழக்குப் பார்த்தே நிற்கும். பலமாகக் காற்று அடித்தால் போச்சு! மாடியில் ஒருவர், வாசலில் ஒருவர் என்று கச்சேரி ஆரம்பம்.

"அண்ணே, இப்ப தெரியுதா?"

"புள்ளி புள்ளியா இருக்குடா... இன்னும் கொஞ்சம் திருப்பு... ஆங், அப்படியே விட்டுடு!"

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம். அன்றைக்கு மட்டும் பெட்டி உள்ள வீடு சினிமாக் கொட்டகை ஆகிவிடும். வாசலில் செருப்புக் குவியல்!

ஐந்தே மாதத்தில் ஊமையானது

1982 ஏப்ரல் 10-ந் தேதி. அமெரிக்காவில் இருந்து ராக்கெட் கிளம்பியது. அதில் போனது இந்தியாவுக்காகச் செய்யப்பட்ட 'இன்சாட் 1ஏ' துணைக்கோள். டெலிபோன், வானிலை, டெலிவிஷன் மூன்றுக்கும் அது ஒன்றே போதும் என்பது திட்டம். ஏழு வருஷம் உழைக்கும் என்று கணக்கு.

கணக்கு தப்பிவிட்டது. மேலே போனதில் இருந்தே கோளாறுகள். நிலையாக நிறுத்தி வைக்கத் தேவையான எரிபொருள் தீர்ந்து போய், செப்டம்பர் 6-ந் தேதி அது கைவிடப்பட்டது. ஐந்தே மாத ஆயுசு!

மாற்றுக்கோள் 'இன்சாட் 1பி' 1983 ஆகஸ்டில் போனது. பட்டிதொட்டிக்கெல்லாம் டி.வி. பரவ அதுதான் கை கொடுத்தது.

ஆகஸ்ட் 15: கலரும் வந்தது, டெல்லியும் வந்தது

இதற்கிடையில் கலர் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு சர்ச்சை. 'ஏழை நாட்டுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு?' என்று ஒரு சாரார். கலர் வந்தே தீர வேண்டும் என்று வாதாடியவர் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரி வசந்த் சாத்தே. கடைசியில் அவர் பக்கமே ஜெயித்தது.

1982 ஆகஸ்ட் 15-ந் தேதி கலர் ஒளிபரப்பும், 'தேசிய நிகழ்ச்சி'யும் ஒன்றாகவே தொடங்கின. அதுவரை சென்னை, பம்பாய், கல்கத்தா என்று நிலையத்துக்கு நிலையம் தனி நிகழ்ச்சி. அன்று முதல் இரவானால் எல்லா நிலையமும் டெல்லியைக் காட்டியாக வேண்டும். இந்தி, இல்லாவிட்டால் ஆங்கிலம்.

வேலை முடிந்து, ரெயில் பிடித்து, சாப்பிட்டுவிட்டு ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி உட்காருகிற நேரத்தில் அவருக்குப் புரியாத பாஷையில் பெட்டி பேசிக்கொண்டிருந்தது. கலர் கொடுத்த கையே தமிழ் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டது என்ற மனக்குறை பல வீடுகளில் இருந்தது.

கலர் ஓட்டம், கறுப்பு வெள்ளைப் பார்வை

நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 'அப்பு' யானைக்குட்டி சின்னத்தைத் தெரியாத பிள்ளையே கிடையாது. பி.டி.உஷா 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கினார். ஆக்கி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 7-1 என்று தோற்றது.

டெல்லி அனுப்பியது கலர். பெரும்பாலான வீடுகளில் பார்த்தது என்னவோ கறுப்பு வெள்ளைதான்! கலர் பெட்டி வாங்க அத்தனை பேருக்கு வசதி ஏது?

கடல் தாண்டிய படம்

சென்னைக்கு இந்தக் கவலை என்றால், தென்கோடிக்கு வேறு கதை. சென்னைப் படம் அங்கே எட்டவே எட்டாது. ஆனால் அதே 1982 பிப்ரவரி 15-ந் தேதி இலங்கையில் 'ரூபவாகினி' தொடங்கியது. தூத்துக்குடி, ராமேசுவரம் கரையோர ஜனங்கள் உயரமான ஆண்டெனா கட்டி, கடல் தாண்டி வந்த படத்தைப் பிடித்துப் பார்த்தார்கள்.

இன்னொரு அதிசயமும் அந்த வருஷமே நடந்தது. பிரிட்டனில் வேல்ஸ் மக்கள், ஆங்கிலத்தின் நிழலில் வாடிய தங்கள் பாஷைக்குத் தனி சானல் கேட்டுப் போராடினார்கள். அவர்களின் தலைவர் க்வின்வோர் எவான்ஸ், 'சாகும் வரை உண்ணாவிரதம்' என்று 1980-ல் அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1-ந் தேதி வேல்ஸ் பாஷை சானல் பிறந்தது.

சில லட்சம் பேர் பேசும் பாஷைக்குச் சொந்த சானல். கோடிக்கணக்கானவர் பேசும் தமிழுக்கு, டெல்லி விட்டுவைத்த நேரம் மட்டும்!

தமிழன் காத்திருந்தது இன்னும் பதினோரு வருஷம். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. வந்தது. அதன் பிறகு ஒன்றன் பின் ஒன்றாகத் தமிழ் சானல்கள்.

இன்று பருத்திப்பட்டில் ஆண்டெனாவைத் திருப்ப யாரும் மாடி ஏறுவதில்லை. எதைப் பார்ப்பது என்று வீட்டுக்குள் ரிமோட்டுக்குத்தான் சண்டை. எந்த பாஷையில் பார்ப்பது என்ற சண்டை மட்டும் இல்லை!