கரண்ட் போனா காந்தம் என்ன ஆகும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இன்பிளான்ட் டிரெய்னிங் போகப் போறீங்களா? அப்போ இதைப் படிச்சிட்டுப் போங்க.

அங்கே பழைய இரும்பை உருக்கிக் கம்பி தயாரிக்கும் ஆலைகள் உண்டு. இப்படிப்பட்ட ஆலைகளின் ஸ்கிராப் யார்டில், கிரேனில் வட்டமாக ஒரு காந்தம் தொங்கும். கீழே இறங்கி, இரும்பை அள்ளிக்கிட்டு மேலே போகும். கொக்கியும் இல்ல, கயிறும் இல்ல. அப்போ இரும்பைப் பிடிச்சிருக்கிறது எது?

காந்தப்புலம். காந்தத்திலிருந்துதான் புலம் வருதுன்னு ஸ்கூல்ல படிச்சோம். அது பாதிக் கதைதான். 1820-ல் ஏர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். கம்பி காந்தம் இல்லை. அதில் ஓடிய மின்னோட்டமே புலத்தை உண்டாக்கியது. கிரேன் காந்தத்துக்குள் இருப்பதும் அதேதான்: டிசி மின்சாரம் ஓடும் ஒரு சுருள், அதைச் சுற்றி இரும்பு.

இரும்பு எதுக்கு? இரும்புக்குள் டொமைன் எனப்படும் குட்டிக் குட்டிக் காந்தப் பகுதிகள், ஆளுக்கொரு திசையில் நிற்கும். சுருளின் புலம் அவற்றை ஒரே பக்கம் திருப்பும். திரும்பியதும் அவற்றின் புலமும் சேர்ந்துகொள்ளும். ஆக, புலம் இரும்பைக் காந்தமாக்குது. அந்தக் காந்தம் புலத்தைப் பெருக்குது. கீழே கிடக்கும் ஸ்கிராப்புக்கும் இதுவே நடக்கிறது.

பலம் எவ்வளவு? 1 டெஸ்லா புலத்தில், ஒட்டியிருக்கும் 1 சதுர மீட்டர் பரப்புக்குச் சுமார் 4 லட்சம் நியூட்டன், அதாவது 40 டன் எடைக்குச் சமம். ஆனா இது நடுவில் இடைவெளியே இல்லாத தட்டையான இரும்புக்கு. ஸ்கிராப்பில் காற்று இடைவெளி அதிகம், புலம் குறையும். புலம் பாதியானால் விசை கால்வாசிதான். அதனால்தான் கனமான இரும்புப் பாளத்தைத் தூக்கும் அதே காந்தம், ஸ்கிராப்பைக் கொஞ்சமாகத்தான் அள்ளும்.

சூடும் ஒரு எதிரி. சுமார் 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் டொமைன்களின் ஒழுங்கு குலைந்துவிடும். தகதகன்னு சிவந்திருக்கிற பில்லெட்டைக் காந்தம் பிடிக்காது.

இப்போ தலைப்புக்கு வருவோம். மின்னோட்டம் நின்றால் சுருளின் புலம் போய்விடும். உள்ளே இருப்பது மென்னிரும்பு. டொமைன்கள் பெரும்பாலும் பழையபடி கலைந்துவிடும், சுமை அப்படியே கீழே விழும். இதுக்காகத்தான் பேட்டரி பேக்கப் வைக்கிறாங்க. ஆனா பேட்டரியும் ஒரு நாள் கைவிடலாம்.

அதனால காந்தம் போற பாதைக்குக் கீழே நிக்காதீங்க, ஒரு நிமிஷம் கூட. பேஸ்மேக்கர் வச்சிருக்கிறவங்க அந்தப் பக்கமே போக வேண்டாம். தூரத்தில் நின்று பாருங்க. கிரேன் ஆபரேட்டர் ஓய்வா இருக்கும்போது, பேக்கப் எத்தனை நிமிஷம் தாங்கும், அதைக் கடைசியா எப்போ சோதிச்சாங்கன்னு கேளுங்க. உங்க ரிப்போர்ட்டில் எழுத வேண்டிய முதல் விஷயம் அதுதான்.