பொன். புதுப்பட்டியும் லினக்ஸ் பேக்கேஜ்களும்

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அறந்தாங்கி, கந்தர்வகோட்டை, விராலிமலைப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் லினக்ஸைக் கொண்டுவந்தது. விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் அந்த மடிக்கணினிகளில் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழிவந்தது பாஸ். அதில் ஒரு மென்பொருளைச் சேர்க்க ‘.டெப்’ என்று முடியும் பேக்கேஜ் கோப்பு வேண்டும். புதியவர்கள் முதலில் தடுமாறுவது அந்தக் கோப்பின் பெயரில்தான்.

லோகித் தமிழ் எழுத்துருவையே எடுத்துக்கொள்வோம். ‘ஃபான்ட்ஸ்-லோகித்-டாம்ல்_2.91.3-1_ஆல்.டெப்’. முதல் அடிக்கோடு வரை பேக்கேஜின் பெயர். 2.91.3 என்பது எழுத்துருவைச் செய்தவர்கள் கொடுத்த பதிப்பு எண். ஒட்டிவரும் 1, டெபியன்காரர்கள் அதைப் பொதிந்த வரிசை எண். ‘ஆல்’ என்றால் எந்த வகைக் கணினிக்கும் பொருந்தும்.

இதே எழுத்துரு ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் ‘லோகித்-தமிழ்-ஃபான்ட்ஸ்’. ‘ஆல்’ அங்கே ‘நோஆர்க்’. பெயரையும் பதிப்பையும் பிரிப்பது சிறுகோடு. பெயருக்குள்ளேயும் சிறுகோடு வருவதால், வலப்பக்கத்திலிருந்து பிரித்துப் படித்தால்தான் பிழைக்கலாம்.

இன்னொரு குழப்பம், சில டெபியன் கோப்புகளில் ‘ஆல்’ இருக்கும் இடத்தில் வரும் ‘ஏஎம்டி64’. இன்டெல் கணினி வைத்திருப்பவர் இது நமக்கில்லை என்று ஒதுக்கிவிடுவார். அந்த 64 பிட் கட்டமைப்பை முதலில் வகுத்தது ஏஎம்டி நிறுவனம்; பிறகு இன்டெலும் ஏற்றுக்கொண்டது. பெயர் மட்டும் டெபியனில் அப்படியே நின்றுவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ஒரே பெயருக்கு இருவர் உரிமை கொண்டாடுவது. புதுப்பட்டி என்றால் எந்தப் புதுப்பட்டி என்று கேட்பார்கள் என்பதால்தான் பொன்னமராவதிக்காரர்கள் பொன். புதுப்பட்டி என்கிறார்கள். டெபியனிலும் ‘கிட்’ என்ற பெயரை வேறொரு பழைய கருவி முன்பே பிடித்திருந்தது. நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்க இன்று உலகமே பயன்படுத்தும் கிட், பல ஆண்டுகள் ‘கிட்-கோர்’ என்றே இருந்தது. ‘நோட்’ கதை இன்னும் சிக்கல். ஹாம் ரேடியோ ஆர்வலர்களின் நிரலுக்கும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸுக்கும் ஒரே கட்டளைப் பெயர். 2012இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு தலையிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டுமே கட்டளைப் பெயரை மாற்றிக்கொண்டன. பழைய பெயரில் நோட்.ஜேஎஸ்ஸை அழைக்க ‘நோட்ஜேஎஸ்-லெகசி’ என்று தனிப் பேக்கேஜே வந்தது.

ஒரு கோப்பை இருமுறை இறக்கினால் உலாவி பெயரில் (1) சேர்த்துவிடும். பயப்பட வேண்டாம். நிறுவும் ‘டிபிகேஜி’ வெளிப்பெயரை நம்புவதில்லை. கோப்புக்குள் இருக்கும் ‘கன்ட்ரோல்’ தகவலைத்தான் படிக்கிறது. சந்தேகம் வந்தால் ‘டிபிகேஜி --இன்ஃபோ’ கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும், உண்மையான பெயரும் பதிப்பும் திரையில் வந்துவிடும்.