ஆறு வருடம் கழித்து வந்த கோபம்

கார்த்திகை பிறந்தால் கழுத்தில் துளசிமணி மாலை, தெருவெங்கும் சரணகோஷம். 2024ல் அந்த மாதத்தில்தான் ஒரு துண்டு வீடியோ கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பித்தது. மேடையில் கானா பாடகி இசைவாணி. பாட்டு, ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’. புதுப்பாட்டு என்றே பலர் நினைத்தார்கள். போலீசில் புகார்கள் போயின. இயக்குநர் பா.ரஞ்சித்தின் பெயரும் அதில் இழுபட்டது.

பாட்டு பழையது. 2018லேயே ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடையேற்றியது என்று நீலம் பண்பாட்டு மையம் விளக்கம் தந்தது. ரஞ்சித்தின் நீலமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. சபாக்களில் மார்கழி சீசன் நடந்துகொண்டிருந்த 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. சாவு வீட்டுக் கானாவோடு பறை, கிட்டார், ராப். பாடியவர்கள் கோட் சூட்டில்! ராயபுரத்து இசைவாணி, ஆண்களே ஆண்டுவந்த கானாவில் நுழைந்தவர். 2020ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

2018 சபரிமலை ஆண்டு. செப்டம்பர் 28ல் உச்ச நீதிமன்றம் எல்லா வயதுப் பெண்களையும் அனுமதிக்கச் சொன்னது. ஐவரில் மாறுபட்டவர் ஒருவர்தான்: அமர்வில் இருந்த ஒரே பெண், இந்து மல்ஹோத்ரா.

கோயில் நுழைவு உரிமையைக் கேட்கும் பாட்டு என்பது நீலத்தின் வாதம். 41 நாள் விரதம் இருப்பவருக்கோ அந்த ‘சாரி’யே கேலியாகப் படுகிறது. கானா சாமியையும் உரிமையோடு வம்புக்கிழுக்கும். பஜனை கேட்டுப் பழகிய காதில் அது குத்தத்தான் செய்யும். இந்த வருத்தம் பொய்யில்லை. ஆனால் பாட்டு முழுசாக வராமல் ஒரு துண்டு மட்டும், அதுவும் தேதியில்லாமல் வந்ததுதான் வினை.

இப்படித் துண்டுகள் இன்று எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்பதற்கு அந்தமானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018ல் அங்கே செயற்கைக்கோள் இணையம்தான். ஒரு வீடியோ ஓடி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். சென்னையிலிருந்து தீவுகளுக்குச் சுமார் 2,300 கி.மீ. கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10ல் திறக்கப்பட்டது. இப்போது மயிலாப்பூருக்குப் போகும் துண்டு அதே நிமிடத்தில் அந்தமானின் அபர்தீன் பஜாருக்கும் போய்விடும்.

பாட்டைக் கண்டிக்க எவருக்கும் உரிமை உண்டு. இசைவாணிக்கு வந்த மிரட்டல்களும் ஆபாச வசைகளும் அந்தக் கணக்கில் சேராது.

சபரிமலை வழக்கின் கேள்விகளை 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. இந்தச் சர்ச்சை வெடித்த நாளிலும் அங்கிருந்து பதில் வந்திருக்கவில்லை.