சுட்டால் தீருமா நெஞ்சுப் படபடப்பு?

இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்தூண்டல் வலது மேலறையின் சைனஸ் கணுவில் பிறந்து, ஏ.வி. கணு வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. சிலருக்கு ஏ.வி. கணுவை ஒட்டியே இரண்டு பாதைகள் இருக்கும். வேறு சிலருக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு தசையிழை மேலறையையும் கீழறையையும் இணைத்திருக்கும். தூண்டல் இந்தப் பாதைகளில் சிக்கிச் சுற்றத் தொடங்கினால் நாடி நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டும்; பிறகு சட்டென்று நின்றும்விடும். படபடக்கும்போது ஈ.சி.ஜி. எடுத்தால்தான் பெரும்பாலும் நோய் பிடிபடும் என்பதால், ‘கேஸ்’, ‘டென்ஷன்’ என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்கள் உண்டு.

அந்தச் சுற்றை அறுப்பதுதான் கதீட்டர் அப்லேஷன். குமரி மாவட்டம் தக்கலையிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இது செய்யப்படுகிறது. தொடையிடுக்குச் சிரை வழியாக மெல்லிய கதீட்டர்கள் இதயத்துக்குள் செல்லும். படபடப்பை வேண்டுமென்றே தூண்டிவிட்டு, சுற்றும் இடத்தைக் கண்டுபிடித்து, கதீட்டர் முனையால் அங்கே சூடு வைப்பார்கள். வெப்பம் 50 டிகிரியைத் தாண்டினால் சில மில்லிமீட்டர் திசு செத்து, மின்சாரம் கடத்தாத தழும்பாகும். மறுபடி தூண்டிப் பார்ப்பார்கள்; படபடப்பு வராவிட்டால் வேலை முடிந்தது.

மேலே சொன்ன இரு வகைகளிலும் 100-க்கு ஏறத்தாழ 95 பேருக்கு ஒரே முறையில் குணமாகிறது. ஏ.வி. கணுவே கருகி பேஸ்மேக்கர் வைக்க நேரும் அபாயம் சுமார் 1 சதவீதம்.

மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பலன் இவ்வளவு உறுதியில்லை. தாறுமாறான தூண்டல்கள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புவதை பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் குழு 1998-இல் காட்டியது. அச்சிரைகள் இதயத்தில் சேரும் வாயைச் சுற்றி வளையமாகச் சுடுகிறார்கள். வந்து வந்து போகும் வகையில் ஓராண்டுக்குப் பின் துடிப்பு சீராக இருப்பவர்கள் 10-க்கு 7 பேர் அளவில்; விடாமல் நீடிக்கும் வகையில் இன்னும் குறைவு. சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய வேண்டியிருக்கும். முதல் 2, 3 மாதங்களில் வரும் படபடப்பை மட்டும் வைத்துத் தோல்வி என்று முடிவுகட்டுவதில்லை. சூடு பட்ட இடம் ஆற வேண்டும்.

2,204 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான கபானா ஆய்வில், அப்லேஷன் செய்துகொண்டவர்களுக்குப் படபடப்பு திரும்புவது குறைந்தது, அன்றாட வாழ்வு இலகுவானது. ஆனால் இறப்பும் பக்கவாதமும் மாத்திரைக் குழுவைவிடத் தெளிவாகக் குறைந்ததாக நிறுவ முடியவில்லை. இதயம் பலவீனமான 363 பேரை ஆராய்ந்த காசில் ஆய்வில் (2018) இறப்பும் குறைந்தது. ஆனாலும் பக்கவாதம் குறைவது நிறுவப்படாததால், வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு காரணமாகப் பக்கவாத அபாயம் உள்ளவர்கள், நாடி சீரான பிறகும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தொடர வேண்டும்.